படித்துக் காட்டினேன், சரி என்றாள்

எழுதத் தெரியாத தோட்டத்துப் பெண்களுக்காக என் அத்தை எழுதிக் கொடுத்த ஒவ்வொரு மனுவின் கார்பன் நகலிலும் கடைசியில் ஒரே வரி இருக்கிறது. "படித்துக் காட்டினேன். சரி என்றாள்." பக்கத்தில் ஊதா மையில் ஒரு கைநாட்டு. சில கைநாட்டுகளில் ரேகையே தெரியவில்லை, குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு மட்டும் ஓடுகிறது. வருஷக்கணக்கில் உளி பிடித்துப் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிய கட்டைவிரல், அந்த உளியிலேயே ஒருமுறை வெட்டுப்பட்ட கட்டைவிரல், அப்படித்தான் பதியும்.

மொத்தம் 214 நகல்கள். நான்கு முறை எண்ணிவிட்டேன்.

அத்தை 2019இல் காலமானார். அவர் விட்டுப்போனது ஒரு பச்சை டிரங்குப் பெட்டி, இரண்டு பிஸ்கட் டின், ஒரு தலையணை உறை நிறைய 555 நோட்டுகள். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 நோட்டு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சட்டைப் பையில் அடங்கும் சின்னக் குறிப்புப் புத்தகம், அட்டையில் 555 என்று போட்டிருக்கும். தோட்டத்துக் கடையில் கடன் எழுதுவது அதில்தான். அத்தை முன்பக்கத்திலிருந்து கடைக்கணக்கு எழுதியிருக்கிறார். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து வேறொன்று எழுதியிருக்கிறார். எந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், யாருக்கு என்ன நடந்தது, யாருக்கு மனு போட்டது, பதில் வந்ததா, வரவில்லையா.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கும் பீடோங்கிற்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படிப்பு, பதினான்கு வயதில் மரம் வெட்டப் போய்விட்டார். விடிவதற்கு முன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் வெட்டு, பால் எடுப்பு, மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைச் சேர்ப்பது. வீடு வந்தால் சமையல், துணி, தண்ணீர். எல்லாம் முடிந்து இரவு எழுத உட்காருவார். 1962இலிருந்து தமிழ் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில் அவர் கதைகளும் கட்டுரைகளும் வந்தன, "ஒரு தோட்டத்துப் பெண்" என்ற பெயரில். பெண்ணியம் என்ற சொல்லை அவர் எழுதி நான் பார்க்கவில்லை. "பொம்பளைக்கு நியாயம்" என்றுதான் எழுதுவார். சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போகும் வழியில் பெண்களைக் கூட்டிக்கொண்டு நின்று, புருஷன்மார் கையில் இருக்கும் பணத்தில் பாதியையாவது வீட்டுக்குத் திருப்பியவர். பிரசவப் பணம் பாக்கி என்றால் தோட்டத்து எழுத்தரான கிராணியின் மேசைக்கு முன்னால் போய் நின்றவர். அவரைப் பெண்ணியவாதி என்று சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

தோட்டத்துப் பெண்கள் எழுதவில்லை, அவர்களுக்கு எழுத்து எங்கே தெரியும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லி எழுத வைத்தார்கள். எழுதியதை வைக்கத்தான் வீடு இல்லை. லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும். இன்னொரு தோட்டத்துக்கு மாறும்போது பாய், பாத்திரம், சாமிப்படம் லாரியில் ஏறும், காகிதம் ஏறாது. நம் பெண்களின் எழுத்து இல்லாமல் போனதற்கு மறதி காரணமில்லை. இருக்க இடம் இல்லாததுதான் காரணம்.

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. 1990களில் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாள் குறைவு, லாரி ஒன்று, குடும்பம் மூன்று. அத்தை எழுதி வைத்திருந்ததில் இரண்டு கோணி காகிதத்துக்கு இடம் இல்லை. கொளுத்தியது என் அப்பா, அத்தையின் சொந்தத் தம்பி. நான் பக்கத்தில் நின்றேன். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார், அதைத் தூக்க யார் வந்தாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பெட்டியோடு சேர்த்துத்தான் அவரை லாரியில் ஏற்றினார்கள். அந்த இரண்டு கோணியில் என்ன இருந்தது என்ற கேள்வி இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பெட்டியில் அடியில் இருந்தவை என் பாட்டியின் ரசீதுகள். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது, தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி (மலாயா டாலர்) வாங்கித் தோட்டம் வாங்கினார். முதலில் வாங்கிய தோட்டம் இதே கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். பாட்டி அந்தப் 10 வெள்ளியைத் தன் பெயரில் கட்டியிருக்கிறார். தாத்தா பெயரில் இல்லை. அத்தை அந்த ரசீதுகளை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஹார்வர்ட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பீடோங்கில் உள்ள ஹார்வர்ட் தோட்டம். போர் முடிந்த கையோடு, 1946, 1947 வாக்கில், ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை நடத்திய கள்ளு எதிர்ப்புப் போராட்டத்துக்கு அந்தத் தோட்டம்தான் மையம். கெடாவின் இந்தப் பகுதி முழுக்க அது பரவியது. போலீசோடு மோதல், கைது, எல்லாம் நடந்தது. பாட்டி அதைப் பற்றிச் சொல்லும்போது கைக்குழந்தைகளோடு கடை வாசலில் உட்கார்ந்த பெண்களைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். அத்தைக்கு அப்போது ஐந்து, ஆறு வயது. மடியில் உட்கார்ந்திருந்தாராம். ஆனால் அந்தப் போராட்டத்தைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதும்போது பெரும்பாலும் காலனி அரசின் கோப்புகளிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கோப்புகளை எழுதியவன் கள்ளுக்கடையை மூட நினைத்தவன் இல்லையே.

கடல் தாண்டி இன்னொரு ஹார்வர்ட் இருக்கிறது. அமெரிக்காவில் பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிய மாட் வுட் பார்க் என்பவர், தன்னிடமிருந்த கடிதங்களையும் ஆவணங்களையும் 1943இல் ராட்கிளிஃப் கல்லூரிக்குக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஹார்வர்டில் உள்ள ஷ்லெசிங்கர் நூலகம். பெண்களின் சொந்தத் தாள்களைச் சேர்த்து வைப்பதே அதன் வேலை. அதே 1943இல் இங்கே ஜப்பான்காரன் ஆட்சி. சிங்கப்பூரில் நேதாஜி பெண்களுக்கென்றே ஜான்சி ராணிப் படையை அமைத்தார், மலாயாத் தோட்டங்களிலிருந்தும் பெண் பிள்ளைகள் கிளம்பிப் போனார்கள். அந்தப் படையை நடத்திய கேப்டன் லட்சுமியை எல்லாருக்கும் தெரியும். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனைத் தெரியும். லயத்திலிருந்து போன பெண் வீட்டுக்கு எழுதிய கடிதம் எங்கே?

தமிழ்ப் பெண்களின் தாள்களைக் காப்பாற்றியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் போன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாள்கள் புதுடில்லியில், நேரு நினைவு நூலகமாக இருந்த இடத்தில் இருக்கின்றன. மும்பையில் ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தை 1988இல் தொடங்கியவர்களில் ஒருவர் நம் எழுத்தாளர் அம்பை. குரல், படம், சுவரொட்டி, கடிதம் எல்லாம் அங்கே சேர்கின்றன. பெயர் தெரிந்தவர்கள் மட்டும்தான் ஆவணமா என்ற கேள்விக்கு அது ஒரு நல்ல பதில். அதைப் பற்றிப் படித்த பிறகுதான் அத்தையின் பெட்டியைத் திறக்கும் தைரியமே எனக்கு வந்தது.

இங்கே ஒரு இடத்தில் பெட்டியைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். எந்த இடம் என்று சொல்வது நோக்கமில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "இவங்க என்ன பதவியில இருந்தாங்க?" என்று கேட்டார். மரம் வெட்டினார், கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தார் என்றேன். படிவத்தில் பதவி என்ற கட்டத்தை நிரப்பாமல் அவரால் மேலே போக முடியவில்லை. பெட்டியை என் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டேன்.

ஆறு மாதமாக, சனி ஞாயிறுகளில் அதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதை யாராவது உங்கள் வீட்டிலும் செய்ய நினைத்தால், நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம், அடுத்தது கரையான், அப்புறம் ராமபாணப் பூச்சி. துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், தாளோடு வந்துவிடும். மெல்லிய அட்டையைத் தாளுக்கும் ஊசிக்கும் நடுவில் விட்டு நெம்பினால் வருகிறது. லேமினேட் மட்டும் செய்யவே செய்யாதீர்கள், பிளாஸ்டிக்கும் சூடும் தாளைக் கெடுத்துவிடும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. எண் போட வேண்டுமென்றால் பென்சில்தான், பேனா கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், இருந்த வரிசையைக் கலைக்காமல் இருப்பது.

இந்தக் கடைசிப் பாடத்தை நான் தாமதமாகத்தான் படித்தேன். கடைக்கணக்கு யாருக்கு வேண்டும் என்று நினைத்து, நோட்டுகளின் பின்பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். 1974ஆம் வருஷத்து நோட்டு ஒன்று கை தவறிக் கீழே விழுந்து முன்பக்கமாகத் திறந்துகொண்டது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், உப்பு, தீப்பெட்டி. அதற்குக் கீழே "பால் மாவு 1" என்று எழுதி அடித்திருக்கிறது. அடித்த வரிக்குக் கீழே "கார்பன் தாள் 2, ஸ்டாம்பு 4".

நோட்டைத் திருப்பினேன். அதே வாரம் நான்கு மனு. ஒன்று, பிரசவப் பணம் பிடித்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காக. 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டப்படி அன்றைக்கு 60 நாள் பிரசவ விடுப்பும் அதற்கான தொகையும் உண்டு, அதை எந்தப் பிரிவு சொல்கிறது என்று வரி வரியாக எழுதியிருக்கிறார். அந்த ஸ்டாம்பும் கார்பனும் கடனுக்கு வாங்கியவை. அந்த மாதம் அவர் வீட்டில் பால் மாவு இல்லை. பால் மாவு குடிக்க வேண்டிய பிள்ளை, என் பெரிய அத்தான், இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறார். போன் போட்டுச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பக்கத்தையும் சேர்த்து வை" என்றார்.

அன்றைக்கு உட்கார்ந்து பழைய வரிசைப்படியே எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினேன்.

மனுக்களில் பாதிக்கு மேல் பணமும் குடியுரிமையும். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ பேருக்கு வேலை போனது, பல குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 31 மனு எழுதியிருக்கிறார். மனைவிக்குச் சிவப்பு அட்டை, புருஷனுக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை என்று பிரிந்த குடும்பங்களுக்காகத்தான் அதிகம். வேகமாக எழுதியிருக்கிறார், எழுத்து சாய்ந்திருக்கிறது. ஆனாலும் அடியில் அந்த வரி விடுபடவில்லை. படித்துக் காட்டினேன், சரி என்றாள்.

மீதி மனுக்கள் அடி உதை பற்றியவை. மனைவியை அடிப்பதைத் தடுக்க இந்த நாட்டில் தனிச் சட்டம் வந்தது 1994இல், அமலுக்கு வந்தது 1996இல். அதற்காகப் பெண்கள் அமைப்புகள் 1985இலிருந்து சேர்ந்து பாடுபட்டன. அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஐரீன் பெர்னாண்டஸ். 1946இல் இதே சுங்கைப்பட்டாணியில், தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர் வீட்டில் பிறந்தவர். சட்டம் நிறைவேறிய செய்தியை அத்தை வெட்டி வைத்திருக்கிறார். ஓரத்தில், "இனி கிராணியிடம் போக வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார்.

ஐரீன் பெர்னாண்டசைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். பெண் தொழிலாளர்களுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உதவும் தெனாகனித்தா அமைப்பை 1991இல் தொடங்கியவர். தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் கொடுமைகளை, 300க்கும் மேற்பட்டவர்களிடம் பேசித் தொகுத்து 1995இல் ஒரு அறிக்கையாக வெளியிட்டார். பொய்ச் செய்தி வெளியிட்டதாக 1996இல் அவர் மேலேயே வழக்கு. ஏழு வருஷம் இழுத்து 2003இல் 12 மாதச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் 2008இல்தான் விடுதலை. 2014இல் காலமானார். ஏழு வருஷ வழக்கின் அடியில் இருந்தது என்ன? யாரோ ஒருவர் சொன்னதை இன்னொருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டதுதான். சொன்னவர்கள் நாடு கடத்தப்பட்டுப் போய்விடலாம், செத்தும் போகலாம். எழுதிக்கொண்ட தாள் இருக்க வேண்டும். அத்தைக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் பால் மாவை அடித்துவிட்டுக் கார்பன் வாங்கியிருக்க மாட்டார்.

சரி, பெயரை ஏன் எழுதவில்லை என்று சொல்கிறேன்.

அந்த 214 பேரும் "சரி" என்று சொன்னது ஒரு குறிப்பிட்ட அலுவலகத்துக்கு, ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக, அந்தக் கடிதம் போவதற்கு. நான் படிப்பதற்கு இல்லை. நீங்கள் படிப்பதற்கும் இல்லை. அத்தையின் பெயர் தெரிந்தால் தோட்டம் தெரியும். தோட்டம் தெரிந்தால், 3ஆம் லயத்து நான்காம் வீட்டில் 1978இல் யார் இருந்தார்கள் என்று சொல்ல இந்த ஊரில் இன்னும் ஐம்பது பேர் இருக்கிறார்கள். காப்பகங்களில் இப்படிப்பட்ட தாள்களை இத்தனை வருஷம் திறக்கக் கூடாது என்று மூடி வைப்பார்கள். நான் காப்பகம் இல்லை. எனக்குத் தெரிந்த வழி, உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் போய்க் கேட்பதுதான். இதுவரை ஒன்பது பேரைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

ஏழாவது ஆள் ஒரு பெரியம்மா. மணிக்கூண்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம், மலிவு விலை வீடு. அத்தையின் பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "பசியாறிட்டியா?" என்று கேட்டார். ஆயிற்று என்று சொல்லியும் இட்லி வந்தது. கடிதத்தைக் காட்டினேன். அவருக்கு இப்போதும் படிக்கத் தெரியாது. கைநாட்டை மட்டும் பார்த்து, தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெட்டுக்காயத் தழும்பு அதே இடத்தில் இருந்தது.

"படி" என்றார்.

அவர் மகன் வேலைக்குப் போயிருந்தான். கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். ஒன்றரைப் பக்கம். நடுவில் ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார், தண்ணீர் குடித்தார், பிறகு மேலே படிக்கச் சொன்னார். முடித்ததும், "உங்க அத்தை ஒரு வார்த்தை கூட மாத்தல. நான் சொன்னபடியேதான் எழுதியிருக்கு" என்றார். இதைச் சேர்த்து வைக்கலாமா, பெயரை மறைத்துவிட்டு, என்று கேட்டேன்.

"வேணாம் பாப்பா. இது அவன் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. அவங்கப்பாவ அவன் நல்லவருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். நெனச்சுக்கிட்டே இருக்கட்டும்."

அந்த ஒன்றரைப் பக்கம் எவ்வளவு பெரிய சான்று என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத் தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையை எழுதப்போகிற யாருக்கும் அது ஒரு புதையல். வாதாட என்னிடம் காரணம் நிறைய இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வாசல் வரை வந்து, ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து, பெட்டியில் அந்தக் கடிதம் இருந்த இடத்தில், முன்னும் பின்னும் வரிசை கலையாமல், ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். அதில் தேதி போட்டு, பென்சிலால் எழுதினேன்: படித்துக் காட்டினேன். வேண்டாம் என்றார்.